தட்டில் தேங்கிய 212 கற்கள்: திருகோணமலையில் கபோஷனுக்கு வாங்குபவரைத் தேடுதல்

திருகோணமலை நகரில் இருவர் நடத்தும் சிறு பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கல் அறுக்கும் வாள் ஒன்று, சாணைச் சக்கரம் நான்கு, மெருகுக்குத் தோல் ஒட்டிய தட்டு ஒன்று. அடி தட்டையாக, மேல் குமிழாக மெருகிட்ட கபோஷன் கற்கள் 212 தேங்கிக் கிடக்கின்றன. வேலை சுத்தமான வேலை. பார்க்க வருகிறவர்கள் கையில் எடுத்து உருட்டுகிறார்கள், வெளிச்சத்தில் பிடிக்கிறார்கள், ‘வடிவாயிருக்கு’ என்று சொல்லித் திரும்ப வைத்துவிடுகிறார்கள். உப்புவெளிக் கடைகள், நகரின் நகைக்கடைகள், முகநூல் என்று எல்லாம் முயன்றாயிற்று. விற்றது விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு.

பட்டறையும் அதன் எண்ணிக்கைகளும் ரூபாய்க் கணக்கும் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை. கல்லின் இயல்பு, அளவு முறை, பருவம், சட்டம் ஆகியவை நடைமுறையில் உள்ளவை.

தட்டில் இருப்பது இது: மூன்ஸ்டோன் (சந்திரகாந்தம்) 96, கார்னட் 41, ரோஸ் குவார்ட்ஸ் 38, அமெதிஸ்டும் புகைநிறக் குவார்ட்ஸும் சேர்த்து 24, கலப்பு 13. கலப்பில் நட்சத்திரம் காட்டும் கல் மூன்றும், பூனைக்கண் போல ஒற்றை ஒளிக்கோடு காட்டும் வைடூரியம் இரண்டும் உண்டு. மூன்ஸ்டோன் மீட்டியாகொடையிலிருந்து வாங்கியது. மற்றவை இரத்தினபுரி, எலஹெர பக்கத்தில் வெட்டாத கற்களாக வாங்கியவை.

யாருக்காக வெட்டியது?

கல்லை விரும்பிப் பார்ப்பவர் கல்லை வாங்குவார் என்ற நம்பிக்கையில்தான் இவ்வளவும் வெட்டப்பட்டிருக்கின்றன. அது பிழையான கணிப்பு. தனிக் கபோஷனை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒருவர் என்ன செய்வார்? பட்டை தீட்டிய நீலக்கல்லைச் சேமிப்பாக வாங்கி வைக்கிறவர்கள் உண்டு. 14 மில்லிமீற்றர் ரோஸ் குவார்ட்ஸை அப்படி வாங்குகிறவர் அரிது. கபோஷனை வாங்குவது அதை நகையாக்கத் தெரிந்தவர்: பத்தர், வெள்ளி நகை செய்பவர், கம்பி சுற்றிப் பதக்கம் செய்பவர், மக்ரமே நூலில் முடிபவர். அவரிடம் ஏற்கெனவே கல் பதிக்கும் உலோகக் கூடு ஒன்று இருக்கும், அல்லது ஒரு கூட்டின் அளவு மனதில் இருக்கும். கல் அந்தக் கூட்டில் உட்காருமா என்பதே அவருடைய முதல் கேள்வி. நிறமும் மினுக்கமும் அதற்குப் பிறகுதான்.

ஆகவே ஆள் தேடப் போவதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை அளப்பது. டிஜிட்டல் இடுக்குமானியால் ஒவ்வொரு கல்லின் நீளம், அகலம், உயரம், பக்கச் சுவரின் உயரம் நான்கையும் 0.1 மி.மீ. வரை எழுதி, கல்லைச் சிறு பிளாஸ்ரிக் பையில் இலக்கமிட்டுப் போட வேண்டும். 212 கல்லுக்கு ஒரு முழுநாள் பிடிக்கும். சலிப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போவதில் பயனில்லை.

சந்தையில் ஓடும் முட்டை வடிவ அளவுகள்: 8×6, 10×8, 14×10, 16×12, 18×13, 25×18. வட்டத்தில் 6, 8, 10. ஆயத்தமாக வரும் வெள்ளிக் கூடுகள் இந்த அளவுகளில்தான் அச்சடிக்கப்படுகின்றன. 14.6×10.4 கல் 14×10 கூட்டுக்குள் இறங்காது. 13.4×9.6 கல் உள்ளே ஆடும். சிறிய அளவுகளுக்குக் கூடக்குறைய 0.1, பெரியவற்றுக்கு 0.2 மி.மீ. வரை விலகினால் பொறுத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் போனால் அந்த ஒரு கல்லுக்காகப் பத்தர் தனியாகக் கூடு செய்ய வேண்டும். கல்லின் விலையை விடக் கூட்டின் கூலி கூடிவிடும்.

அளந்து முடித்தபோது தட்டு நான்காகப் பிரிந்தது. பொது அளவுக்குள் நின்றவை 57. சற்றுப் பெரிதாக இருந்து, அடுத்த கீழ் அளவுக்கு இறக்கக்கூடியவை 68. அளவுக்குள் வராவிட்டாலும் வடிவும் வண்ணமும் தனியாக நிற்பவை 39. மெலிந்தவை, வெடிப்புள்ளவை, மெருகு ஏறாதவை 48. இது நல்ல கைவேலைதான், ஆனால் கல் போன போக்கில் வெட்டியது. வெட்டாத கல்லிலிருந்து கூடிய எடையைக் காப்பாற்றும் பழக்கம் பட்டை தீட்டிய விலையுயர்ந்த கல்லுக்குப் பொருந்தும். குவார்ட்ஸில் அரை மில்லிமீற்றரைக் காப்பாற்றப்போய் முழுக்கல்லும் விற்காமல் போகிறது.

மறுபடி சக்கரத்துக்கு

அளவு ஓட்டைகள் உள்ள அச்சுத் தகட்டைக் கல்லின் அடியில் வைத்து, பித்தளை அல்லது அலுமினியக் கூர்முனையால் கோடு கீற வேண்டும். பேனைக் கோடு தண்ணீர் பட்டால் போய்விடும். 14.6×10.4 கல்லை 14×10 ஆக்க நீளவாக்கில் பக்கத்துக்கு 0.3 மி.மீ., அகலவாக்கில் 0.2 மி.மீ. போனால் போதும். 280ஆம் இலக்கச் சக்கரத்தில் ஆரம்பித்து 600, 1200, 3000 என்று ஏறலாம்; இலக்கம் கூடக்கூடச் சக்கரம் நுண்மையாகும். இவ்வளவு சிறு குறைப்புக்கு 80 சக்கரம் எடுத்தால் விளிம்பு பொரிந்துவிடும்.

வாங்குபவர் உண்மையில் பார்க்கிற, ஆனால் வெட்டுபவர்கள் அலட்சியம் செய்கிற பகுதி பக்கச் சுவர்தான். அடியிலிருந்து மேலே போகப் போக 10 முதல் 15 பாகை வரை உட்சாய்ந்திருக்க வேண்டும். அந்தச் சாய்வின் மேல்தான் வெள்ளித் தகட்டை மடக்கிக் கல்லைப் பிடிக்கிறார்கள். சுவர் நேர்க்குத்தாக இருந்தால் பிடி குறையும். வெளிச்சாய்ந்திருந்தால் கல் கூட்டிலிருந்து வெளியே வரும். சுவரே இல்லாமல் குமிழ் நேராக அடிவரை இறங்கி ஓரம் கத்தி முனையானால், மடக்கும்போதே உடையும். சுமார் 1 மி.மீ. சுவர் வேண்டும். அடியோரத்தை 45 பாகையில் மெல்லச் சீவிவிடுவதும் முக்கியம். கூட்டின் உள்மூலையில் ஈயப்பற்று திரண்டிருந்தால் கல் அதன்மேல் ஏறி நிற்காமல் தட்டையாக உட்காருவதற்கு அந்தச் சீவல்தான் இடம் கொடுக்கிறது.

மூன்ஸ்டோனுக்குத் தனிக் கவனம் வேண்டும். அதற்குக் கிட்டத்தட்டச் செங்கோணத்தில் இரண்டு பிளவுத் தளங்கள் உண்டு. கல்லைச் சக்கரத்தில் பிடிப்பதற்கான குச்சியைக் கொதிக்கும் அரக்கில் தோய்த்துக் கல்லில் ஒட்டி, உடனே குளிர்ந்த நீரில் பிடித்தால் அந்தத் தளத்தில் கீறல் ஓடும். குளிராக ஒட்டும் சூப்பர் குளூவால் குச்சியில் ஒட்டி, வேலை முடிந்ததும் அசிற்றோனில் ஊறவைத்துக் கழற்றுவது பாதுகாப்பானது. நீல ஒளி விழும் இடம் குமிழின் உச்சியில் நிற்க வேண்டும். அந்த ஒளி கல்லுக்குள் மெல்லிய அடுக்குகளாக மாறிமாறிக் கிடக்கும் இரண்டு வகை பெல்ட்ஸ்பார் கனிமங்களிலிருந்து வருகிறது. அடுக்குக்கு அடிப்புறம் சமாந்தரமாக இல்லாவிட்டால் ஒளி ஓரத்துக்கு ஓடிவிடும். முதல் வெட்டில் திசை தப்பிய கல்லை மறுவெட்டில் காப்பாற்ற, சாய்த்து வெட்டுமளவுக்கு உயரம் மிஞ்சியிருக்க வேண்டும். அது பெரும்பாலும் மிஞ்சியிருக்காது.

கார்னட்டில் பிரச்சினை வேறு. 6 மி.மீ. தடிப்பில் அடர் கார்னட் கறுப்பாகத் தெரியும். நகைக்கடை விளக்கின் கீழ்கூடச் சிவப்பு வராது. அடியைக் குழிவாகக் குடைந்து, 1.5 முதல் 2 மி.மீ. தடிப்பு மட்டும் விட்டால் நிறம் எழும்பும். பழங்காலத்திலிருந்தே கார்னட்டுக்குச் செய்துவரும் முறை இது. உருண்டை முனை வைரத் துளைகருவி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், அவசரமில்லாத கை ஆகிய மூன்றும் போதும்.

மெருகைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். ரியூப் லைற்றின் கீழே கல்லைப் பிடித்து, அதன் பிரதிபிம்பத்தைக் குமிழ்மேல் மெல்ல நகர்த்துங்கள். வெள்ளைக் கோடு வளைந்து வழுக்கிப் போனால் சரி. நடுவில் நெளிந்தால் அந்த இடம் தட்டையாகியிருக்கிறது. சாம்பல் படலமாகத் தெரிந்தால் 600ஆம் இலக்கக் கீறல் இன்னும் போகவில்லை. விளிம்போரம் மங்கியிருந்தால் கல்லைப் போதிய அளவு சாய்த்துப் பிடிக்கவில்லை. அடிக்கடி நடக்கும் காரணம் ஒன்றுண்டு: கரடு சக்கரத்தின் மண் கையிலும் குச்சியிலும் ஒட்டிக்கொண்டு மெருகுத் தட்டுக்கு வந்துவிடும். ஒவ்வொரு படிக்கும் நடுவில் கழுவ வேண்டும். குவார்ட்ஸுக்கும் மூன்ஸ்டோனுக்கும் சீரியம் ஒக்சைட் போதும். கார்னட்டுக்கு அலுமினாவோ வைரப் பசையோ வேண்டும். நீலக்கல், வைடூரியம் போன்ற கடினக் கற்களுக்கு வைரப் பசைதான் ஏற்றது.

எந்தச் சக்கரமானாலும் தண்ணீர் ஓட வேண்டும். குவார்ட்ஸ் தூசி நுரையீரலில் தங்கிச் சிலிக்கோசிஸ் உண்டாக்கும், அதற்கு மருந்தில்லை. பட்டறையை உலர் துடைப்பத்தால் கூட்டக்கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

68 கல்லில் ஏழு உடைந்தன. 61 தேறின. ஒருவருக்கு மூன்று நாள் வேலை. பொது அளவுக் கற்கள் இப்போது 118.

பத்தரிடம் போவது

உள்ளூரில் முதல் வாசல் பத்தர். 200 கல்லையும் கொட்டிக் காட்டக்கூடாது. அவர் மலிவுக்கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். இருபது கல், கடதாசியில் மடித்து, வெளியே வகையும் அளவும் எழுதிக் கொண்டுபோனால் போதும். தீபாவளி, திருமண மாதங்களுக்கு முந்திய வாரங்களில் அவருக்குத் தலை நிமிர நேரமிராது. அந்த நேரத்தில் போய்ப் பயனில்லை. முன்கூட்டி வட்ஸ்அப்பில் இப்படி எழுதலாம்: “வணக்கம் அண்ணை. 14×10, 10×8 அளவில் மூன்ஸ்டோன், கார்னட் கபோஷன் இருக்கு. அடியும் மெருகு போட்டது. உங்களுக்கு வசதியான நேரத்தில் இருபது கல் கொண்டுவந்து காட்டலாமோ?” இதில் நிற்கிற முக்கியமான சொல் ‘அடியும் மெருகு’. ராசிக்கல் மோதிரத்தில் கல் விரலைத் தொடவேண்டும் என்பதற்காகக் கூட்டின் அடியைத் திறந்து விடுவார்கள். கரடான அடியுள்ள கல்லை அவர் எடுக்கமாட்டார்.

கேதுவுக்கு வைடூரியம், ராகுவுக்குக் கோமேதகம், சந்திரனுக்கு முத்துக்குப் பதிலாகச் சந்திரகாந்தம் என்று வாடிக்கையாளர் கேட்டு வருவார்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் வெள்ளி மோதிரத்தில் அகீக் கல் கேட்கும் ஆண்களும் உண்டு. அவர்களுக்கு 14×10க்கு மேற்பட்ட, தாழ்வான குமிழ் பிடிக்கும். கல்லின் பலனைப் பற்றி விற்பவர் வாக்குக் கொடுக்கக்கூடாது. கல் எது, எங்கிருந்து வந்தது, சூடு காட்டியதா, சாயம் ஏற்றியதா என்பதைச் சொல்வதோடு நம் பொறுப்பு நிற்கிறது.

மூன்ஸ்டோனின் கடினம் 6 முதல் 6.5. வீட்டுத் தூசியில் 7 கடினமுள்ள குவார்ட்ஸ் துகள் இருக்கிறது. தினமும் போடும் மோதிரத்தில் வைத்தால் சில வருடங்களில் மங்கும். இதை நாமே முதலில் சொல்லி, தோட்டுக்கும் பதக்கத்துக்கும் பரிந்துரைத்தால் பத்தர் அடுத்தமுறை நம்மைத்தான் கூப்பிடுவார். மோதிரம் மங்கிப்போய் வாடிக்கையாளர் அவரிடம் சண்டைக்கு வந்த பிறகு எந்த விளக்கமும் எடுபடாது.

தோட்டுக்குச் சோடி வேண்டும். சோடி என்றால் அளவு மட்டுமல்ல: உயரம் 0.3 மி.மீ.க்குள், நிறம் பகல் வெளிச்சத்தில் ஒன்றாக, மூன்ஸ்டோனானால் நீல ஒளி இரண்டிலும் ஒரே பக்கம் ஓட வேண்டும். ஒரே துண்டை இரண்டாக அறுத்துச் செய்வதே எளிது. தனிக்கல் இரண்டின் விலையை விடச் சோடியின் விலை கூடத்தான் இருக்க வேண்டும். அதை வாங்குபவரும் ஒத்துக்கொள்வார்.

கடற்கரைப் பருவம்

நிலாவெளியிலும் உப்புவெளியிலும் வெளிநாட்டவர் வருவது பெரும்பாலும் மே முதல் செப்ரெம்பர் வரை. வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் கரை வெறிச்சோடும். பட்டறைக்கு இது வசதியான ஒழுங்கு: மழையில் வெட்டு, வெயிலில் விற்பனை. அதைவிட நல்ல ஒழுங்கும் உண்டு. காலி, உனவட்டுன, மிரிஸ்ஸ பக்கத்துப் பருவம் டிசெம்பரிலிருந்து மார்ச் வரை. கிழக்கு உறங்கும் மாதங்களில் தெற்கு விழித்திருக்கிறது. ஒக்ரோபரிலேயே மாதிரிக் கற்களைத் தெற்குக் கடைகளுக்கு அனுப்பிவிட்டால் வருடம் முழுக்க விற்பனை ஓடும்.

சுற்றுலாப் பயணிக்குத் தனிக்கல் விற்க முயல்வது வீண். அவர் இன்னும் ஐந்து நாளில் விமானம் ஏறுவார், அவருடைய ஊர்ப் பத்தரைத் தேடிப் போகமாட்டார். அவருக்கு வேண்டியது கழுத்தில் போட்டுக்கொண்டு போகக்கூடிய பதக்கம். எனவே வெள்ளி வேலை தெரிந்த ஒருவருடன் கூட்டுச் சேருங்கள். கல் உங்களுடையது, வெள்ளியும் கூலியும் அவருடையது. விற்றதும் இருவர் செலவையும் முதலில் கழித்து, மிச்சத்தைப் பாதியாகப் பிரிக்கலாம். இந்த ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வெள்ளி விலை ஏறும்போதுதான் வாய்ப்பேச்சு ஒப்பந்தங்கள் முறிகின்றன.

கடைக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது, ‘இது திருகோணமலைக் கல்லா?’ மீட்டியாகொட மூன்ஸ்டோன், திருகோணமலையில் வெட்டி மெருகிட்டது என்பதே பதில். அது உண்மை, விற்பனைக்கும் போதுமான பெருமை. புல்மோட்டைக் கனிம மணலில் கார்னட் இருக்கிறதே என்று சிலர் கதை கட்டுவார்கள். அது மணல்மணி அளவு, அதில் கபோஷன் வெட்ட முடியாது. முருகைக்கல்லைப் பொறுக்கி மெருகிட்டு விற்கும் யோசனையும் வரக்கூடும். வேண்டாம். முருகைகள் சட்டப் பாதுகாப்பிலுள்ளவை. புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, அங்கிருந்து ஒரு துண்டு எடுப்பதும் குற்றம்.

பக்கத்துக் கடையில் ‘மூன்ஸ்டோன்’ என்ற பெயரில் ஒபலைற் கண்ணாடி மலிவாகத் தொங்கினால் நம் விலை அநியாயமாகத் தெரியும். வாதாடத் தேவையில்லை, பத்துமடங்கு லென்சைக் கடையில் வைத்திருங்கள். ஒபலைற்றில் உருண்டைக் காற்றுக் குமிழ்கள் தெரியும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அது செம்மஞ்சளாக மாறும். மூன்ஸ்டோனுக்குள் பூரான் கால்கள் போலக் குறுக்குக் கீறல்கள் பெரும்பாலும் வரிசையாக இருக்கும். வாங்குபவர் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டால் பிறகு விலைபேசுவது குறைந்துவிடும்.

கொழும்பு, கண்டி வெள்ளி வேலைக்காரர்கள்

நிலையான வாடிக்கை இவர்களிடம்தான் கிடைக்கும். ஆனால் இவர்கள் கேட்பது ஒரு கல் அல்ல: ‘14×10 ரோஸ் குவார்ட்ஸ் இருபது, ஒரே நிறம், அடுத்த மாதம் இன்னும் இருபது.’ அதனால் முதலில் அனுப்பவேண்டியது மாதிரி அட்டை. ஒரு வகைக்கு இரண்டு கல், அட்டையில் ஒட்டி, அளவு, விலை, ‘மாதத்துக்கு இத்தனை தரமுடியும்’ என்ற எண் மூன்றையும் எழுதுங்கள். மூன்றாவது எண்ணில் பொய் சொல்லக்கூடாது. இருவர் வேலை செய்யும் பட்டறை மாதம் 200 தருவோம் என்று ஏற்றுக்கொண்டு 110 கொடுத்தால் அந்தக் கணக்கு அத்துடன் முடியும். வெட்டாத ரோஸ் குவார்ட்ஸை ஒரே கட்டியாக வாங்கி வைப்பதும் இதற்காகத்தான். கட்டி மாறினால் நிறம் மாறும்.

விலை

குவார்ட்ஸ், சாதாரண மூன்ஸ்டோன் எல்லாம் கல்லுக்கு இவ்வளவு என்று, அளவை வைத்து விற்பவை. வைடூரியம், நட்சத்திரக் கற்கள் கரட் கணக்கு. 14×10 அளவில் 5 மி.மீ. உயரமுள்ள மூன்ஸ்டோன் ஏறத்தாழ 5 கரட், அதாவது 1 கிராம். அடியைத் தொந்தியாக விட்டு எடை ஏற்றும் தந்திரம் கல்லுக்கு விலை போடும் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தொந்திக்கு அவர்கள் பணம் தருவதில்லை, கூட்டில் உட்காராது என்று கூடக் குறைப்பார்கள்.

அடக்கவிலை எப்படி வரும் என்று ஓர் உதாரணம். நாள்கூலி 4,000 ரூபாய். மின்சாரம், சக்கரத் தேய்மானம், பசை 600. பத்துக் கல்லுக்கான வெட்டாத கல் 1,500. மொத்தம் 6,100. பத்து வெட்டினால் எட்டுத்தான் விற்கும் தரத்தில் வரும். 6,100ஐப் பத்தால் வகுத்து ஒரு கல்லின் அடக்கம் 610 என்று நினைப்பதுதான் வழக்கமான பிழை. எட்டால் வகுத்தால் சுமார் 763. 700க்கு விற்று லாபம் என்று நினைத்தவர் ஒவ்வொரு கல்லிலும் 63 ரூபாய் இழந்திருக்கிறார். அடக்கத்துக்கு மேல் நாற்பது சதவீதம் வைத்தால் கடைக்குக் கொடுக்கும் மொத்த விற்பனை விலை ஏறத்தாழ 1,070. கடைக்காரர் வாங்கிய விலையை இரட்டிப்பது கைவினைப் பொருளில் பொதுவான வழக்கம், ஆகவே சில்லறை 2,140. நாம் நேரடியாக ஒரு பயணிக்கு விற்கும்போதும் இந்தச் சில்லறை விலையிலேயே விற்க வேண்டும். 1,200க்குத் தள்ளிவிட்டால், நம் கல்லை வைத்திருக்கும் கடைக்காரர் அடுத்த வாரமே எல்லாவற்றையும் திருப்பித் தருவார்.

‘வைச்சிட்டுப் போங்கோ, வித்தால் காசு’ என்பது மிகவும் ஆபத்தான வாசகம். முற்றாக மறுக்கவும் முடியாது, புதிய கடைகள் அப்படித்தான் தொடங்கும். வைப்பதானால் இரண்டு பிரதிப் பட்டியல் வேண்டும். இலக்கம், வகை, அளவு, கரட் எடை, படம், கடையின் பங்கு இத்தனை சதவீதம், தொலைந்தால் மொத்த விற்பனை விலை செலுத்தப்படும் என்ற வரி, இரு கையொப்பம். முப்பது நாளில் போய் எண்ண வேண்டும். எடையை எழுதுவது ஏனென்றால், ஒரே அளவுள்ள வேறொரு கல்லை மாற்றி வைத்தாலும் எடை காட்டிக்கொடுக்கும். ஒரு கடையில் 15 கல்லுக்கு மேல் வேண்டாம்.

நட்சத்திரமும் வைடூரியமும்

அந்த ஐந்து கல்லையும் மற்றவற்றோடு ஒரே தட்டில் வைத்திருந்ததே தவறு. இவற்றுக்குச் சந்தை வேறு. ஒற்றை விளக்கின் கீழ், கைபேசி வெளிச்சம் போதும், கல்லை நேராக வைத்துப் பாருங்கள். ஆறு கதிரும் உச்சியில் சந்திக்கின்றனவா, கதிர் அடிவரை ஓடுகிறதா, வைடூரியத்தின் கோடு நடுவில் நேராக நிற்கிறதா? முகில் மூடிய வானத்தின் கீழ் பார்த்தால் எந்த நட்சத்திரமும் தெரியாது. அதைக் கண்டு மலிவாகக் கொடுத்துவிடக்கூடாது. மிகவும் கூர்மையான, கீறினாற்போன்ற நட்சத்திரம் கொண்ட கல் வந்தால் சந்தேகப்படவும் வேண்டும். செயற்கை நட்சத்திர நீலம் 1947 முதல் சந்தையில் இருக்கிறது.

நல்லதெனத் தெரிந்த கல்லுக்கு ஆய்வுகூட அறிக்கை எடுப்பது செலவுக்குத் தகும். 1,000 ரூபாய் ரோஸ் குவார்ட்ஸுக்குத் தகாது. பிறகு பேருவளைச் சீனன்கோட்டைச் சந்தைக்குக் கொண்டுபோகலாம். அங்கே முதல்நாளே விற்கக்கூடாது. நான்கைந்து பேர் சொல்லும் விலையைக் கேட்டு எழுதிக்கொண்டு திரும்பினால் கல்லின் உண்மை விலை பிடிபடும். தரகர் கையில் கொடுப்பதானால் குறைந்தபட்ச விலையையும் திருப்பித்தரும் நாளையும் முதலே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

படமும் பார்சலும்

தனியாக நின்ற 39இல் அந்த ஐந்தும் போக எஞ்சிய 34 தனிவடிவக் கற்களுக்குக் கம்பி சுற்றுபவர்களும் மக்ரமே செய்பவர்களும்தான் ஆள். அவர்கள் இணையத்தில் இருக்கிறார்கள். படத்துக்காகக் கல்லில் எண்ணெய் பூசாதீர்கள். அது கீறலை மறைக்கும், கல் போய்ச் சேர்ந்ததும் திரும்பி வரும். மங்கிய சாம்பல் துணி, பக்கவாட்டில் ஒரே விளக்கு, பக்கத்தில் மில்லிமீற்றர் அளவுகோல். முன்புறம், பின்புறம், பக்கவாட்டு என்று மூன்று படம். மூன்ஸ்டோனுக்கு நிழற்படம் போதாது, கல்லை மெல்லச் சாய்க்கும் பத்து விநாடிக் காணொளி வேண்டும். வெடிப்பு இருந்தால் அதையே நெருக்கமாகப் படமெடுத்துப் போடுங்கள்.

இலங்கையில் இரத்தினக்கல் வாங்கி விற்பவர் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் பெற்றிருக்க வேண்டும். 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டம் அதற்கு அடிப்படை. வெளிநாட்டுக்கு அனுப்பும் கல்லைச் சாதாரணக் கடித உறையில் போட்டுத் தபாலில் சேர்க்கக்கூடாது. விலைப்பட்டியலுடன் கொழும்பில் அதிகாரசபையிடம் காட்டி, பரிசோதித்து, மதிப்பிட்டு, முத்திரையிட்ட பிறகே போக வேண்டும். திருகோணமலையிலிருந்து ஒரு கல்லுக்காக இதைச் செய்தால் போக்குவரத்துச் செலவு லாபத்தைத் தின்றுவிடும். ஆகவே வெளிநாட்டுக் கட்டளைகளைத் திரட்டி மாதம் ஒருமுறை அனுப்பும் ஒழுங்கையும், வந்துசேர நான்கு வாரம் ஆகலாம் என்பதையும் வாங்குபவருக்கு முன்கூட்டியே எழுத வேண்டும். பணம் எந்த வழியில் வந்துசேரும் என்பதை முதல் கட்டளைக்கு முன்னரே வங்கியில் பேசி வையுங்கள். கடைக்கு வரும் பயணிக்குக் கல்லின் வகை, எடை, விலை எழுதிய பற்றுச்சீட்டு கொடுப்பது அவருக்கு விமான நிலையத்தில் உதவும்.

மிச்சமிருப்பது முதலில் ஒதுக்கிய 48உம் மறுவெட்டில் உடைந்த ஏழும், மொத்தம் 55. மெருகு குறைந்தவற்றை மீண்டும் 1200இலிருந்து ஏற்றிப் பார்க்கலாம். மெலிந்தவற்றில் சில 6 மி.மீ. வட்டமாக வரும். வெடித்த குவார்ட்ஸைக் குறை சொல்லியே கிராம் கணக்கில் கொடுக்கலாம். பிளவு ஓடிய மூன்ஸ்டோனை மட்டும் இரண்டாம் தரம் என்றுகூட விற்கக்கூடாது. தகட்டை மடக்கும்போது அது உடையும், வெள்ளியும் கூலியும் வீணான கோபம் பட்டறை வாசலுக்கு வரும். அவற்றில் 14×10 அளவுள்ள நாலைந்தைப் பொறுக்கி, கடதாசியில் ‘விற்பனைக்கல்ல’ என்று எழுதி, பத்தரிடம் இனாமாகக் கொடுங்கள். புதிதாகக் கூடு செய்யும்போது அளவு பார்க்கவும், தகட்டை எவ்வளவு அமுக்கலாம் என்று பழகவும் அவருக்கு உதவும்.